கள்சுபாயும் ஒரு 58 மீட்டரும்

ஒரு மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரம் எது என்பதைப் புவியியல் பாடத்தில் வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அதைத் தூக்கிச் சரித்திரப் பாடத்தில் போட வேண்டும். மலை எங்கேயும் நகர்வதில்லை. கோடுதான் நகர்கிறது. 2000 நவம்பர் 8 வரை உத்தரப் பிரதேசத்தின் உச்சி 7,816 மீட்டர் நந்தாதேவி. மறுநாள் உத்தராகண்ட் பிரிந்தது. மிச்சமிருந்த உ.பி.யில் ஆயிரம் மீட்டரைத் தொடும் இடம்கூட இல்லை. அதே மாதம் 15-ம் தேதி ஜார்க்கண்ட் பிரிந்தபோது பீகார் தன் பாரஸ்நாத் மலையை (1,365 மீட்டர்) இழந்தது. 1975-ல் சிக்கிம் வந்து சேர்ந்ததும் கஞ்சன்ஜங்கா (8,586) நம் கணக்கில் ஏறி, நந்தாதேவியை இரண்டாம் இடத்துக்குத் தள்ளியது. ஒரு கல்கூட அசையவில்லை. டெல்லியில் கையெழுத்துகள் மட்டும் விழுந்தன.

இந்த யோசனை எல்லாம் எனக்கு வந்தது கள்சுபாய் மலையில் மூச்சு வாங்க நின்றபோதுதான். மூச்சு வாங்கும்போது சரித்திரம் பேசினால் களைப்பை மறைத்துக்கொள்ளலாம் என்பது என் அனுபவம். :-)

கள்சுபாய் மகாராஷ்டிராவின் மிக உயர்ந்த சிகரம். 1,646 மீட்டர். அகோலா தாலுகாவில் இருக்கிறது. (விதர்பாவின் அகோலா நகரம் வேறு, இது அகமத்நகர் மாவட்டத்து அகோலே. மாவட்டத்தின் பெயரும் 2024-ல் அகில்யாநகர் என்று மாறிவிட்டது.) ஹிந்திக்காரர்கள் 'கல்சுபாய்' என்பார்கள். மராத்தியில் அது 'ள'தான். நம் 'ள' அவர்களிடமும் பத்திரமாக இருக்கிறது. டோம்பிவ்லிக்குக் குடிவந்த புதிதில் எனக்குக் கிடைத்த முதல் ஆறுதலே அந்த 'ள'தான்.

பக்கத்து ஃபிளாட் காகா ரிட்டயர்டு ரயில்வே. வாரம் தவறினாலும் மலை தவறாதவர். அவர்தான் என்னையும், தங்கமணியையும், ஐந்தாவது படிக்கும் பெண்ணையும் கிளப்பிக்கொண்டு போனார். மழை முடிந்த அக்டோபர். விடிகாலை கசாரா லோக்கல், அங்கிருந்து ஷேர் ஜீப், கோட்டி வழியாக பாரி கிராமம். பாரியிலிருந்து உச்சிக்குச் சுமார் 800 மீட்டர் ஏற்றம். நெல் வயல்களைத் தாண்டி, அடிவாரக் கோயிலைத் தாண்டி, அதன் பிறகு படி, பாறை, படி, பாறை. செங்குத்தான இடங்களில் இரும்பு ஏணிகள் போட்டிருக்கிறார்கள். ஏணியில் ஒருவர் ஏற, நான்கு பேர் இறங்க, நடுவில் ஒருவர் போட்டோ எடுக்க, தாதர் ஸ்டேஷன் பாலம் தோற்றது.

அந்த மலை ஏன் படிப்படியாக அடுக்கி வைத்த மாதிரி இருக்கிறது என்று பெண் கேட்டாள். சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முன் தக்காணத்தில் பூமி பிளந்து லாவா வழிந்து, ஆறி, மறுபடி வழிந்து, மறுபடி ஆறிய அடுக்குகள் அவை. ஒவ்வொரு படியும் ஒரு வழிசல். நம் ஊர்ப் பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலை இந்தக் கறுப்புப் பாறை கிடையாது. அது இதைவிடப் பன்மடங்கு பழையது. பெயர் மட்டும் ஒன்று.

இனி அந்தப் பெயர்க்காரியின் கதை. 1884-ல் வெளியான பம்பாய் கெஜட்டியரின் அகமத்நகர் தொகுதியில் இது பதிவாகியிருக்கிறது. கள்சு என்று ஒரு கோளிப் பெண். காடுகளில் சுற்றித் திரிவதில் பிரியம் உள்ளவள். ஒருநாள் மலையடிவாரத்து இந்தோர் கிராமத்துக்கு வருகிறாள் (ம.பி. இந்தோர் இல்லை, இது சின்ன ஊர்). அங்கே ஒரு கோளிக் குடும்பத்தில் வேலைக்குச் சேர்கிறாள். சேரும்போதே ஒரு நிபந்தனை: பாத்திரம் தேய்க்கச் சொல்லக்கூடாது, பெருக்கச் சொல்லக்கூடாது. சரி என்கிறார்கள். எல்லாம் நன்றாகப் போகிறது. ஒருநாள் வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். பாத்திரத்தைத் தேய்த்து இடத்தைச் சுத்தம் பண்ணு என்று வீட்டில் ஒருவர் உத்தரவு போடுகிறார். கள்சு மறுபேச்சுப் பேசாமல் செய்து முடிக்கிறாள். முடித்த கையோடு மலை ஏறிப் போய்விடுகிறாள். சாகும்வரை கீழே இறங்கவில்லை. பாத்திரம் தேய்த்த இடத்துக்கு தாளே மேள் என்று பெயர். உயிர் விட்ட இடம் கள்சுபாய்.

நம்மில் எத்தனை பேர் ஆஃபர் லெட்டரில் ஒன்று, சேர்ந்தபின் வேறொன்று என்று பார்த்தவர்கள்! அவள் சண்டை போடவில்லை, சாபம் விடவில்லை. நோட்டீஸ் பீரியட் கூட இல்லாமல் கிளம்பிவிட்டாள். நம் பக்கத்துக் கதையாக இருந்தால் மதுரை எரிந்திருக்கும். மகாராஷ்டிராவின் தலைக்கு மேலே உட்கார்ந்திருக்கும் தெய்வம் ராணியில்லை, வீரனின் மனைவியில்லை. எங்கிருந்தோ வேலை தேடி வந்து, பேசிய பேச்சை முதலாளி மீறியதால் விலகிய ஒரு கூலிப்பெண். இத்தனை கோட்டைகள் சூழ்ந்த இடத்தில் இந்த மலை மேல் மட்டும் கோட்டை கிடையாது, அவளுடைய குட்டிக் கோயில்தான். உள்ளே மூன்று பேர் நின்றால் நாலாவது ஆளுக்கு இடமில்லை. நவராத்திரியில் திருவிழா, சுற்று வட்டாரக் கிராமத்து ஜனங்கள் முழுக்க ஏறி வருவார்கள்.

இது மகாதேவ் கோளிகளின் நாடு. மலைக் கோட்டைகளுக்குக் காவல் இருந்தவர்கள் இவர்கள். உச்சியில் நின்றால் மேற்கே அலங், மதன், குலங் என்று மூன்று கோட்டைகள் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். தெற்கே ரத்தன்கட், ஹரிச்சந்திரகட். கிழக்குப் பக்கம் பட்டா கோட்டை. 1679-ல் ஜால்னாவைச் சூறையாடித் திரும்பிய சிவாஜி அங்கே தங்கி ஓய்வெடுத்ததால் அதற்கு விச்ராம்கட் என்று பெயர். நம் 'விசிராந்தி'தான். 1818-ல் பேஷ்வா ஆட்சி முடிந்ததும் ஆங்கிலேயர் இந்தப் பக்கத்துக் கோட்டைகள் பலவற்றின் படிக்கட்டுகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அலங்குக்கு இன்றும் கயிறு கட்டித்தான் ஏற வேண்டும். படிகள் போனதோடு காவல்காரர்களின் பிழைப்பும் போனது. நிலவரியும் வட்டிக்கடையும் மலைக்குள் நுழைந்தன.

அதன் விளைவு ராகோஜி பாங்ரே. அகோலா பக்கத்து தேவ்காவ் அவர் ஊர். 1840-களில் ஆள் திரட்டி வட்டிக்காரர்களையும் கம்பெனி அரசையும் மலைகளுக்குள் அலைய விட்டார். 1848 ஜனவரியில் பண்டரிபுரத்தில் பிடிபட்டார். மே 2-ம் தேதி தாணே சிறையில் தூக்கு. 1857-க்கு இன்னும் ஒன்பது வருஷம் இருந்தது. தினமும் தாணேயைத் தாண்டித்தான் ஆபீஸ் போகிறேன். லோக்கலில் ஜன்னலோர இடம் கிடைக்குமா என்பதைத் தவிர அங்கே வேறு எதையும் நினைத்ததில்லை.

இதில் நம்மூர்த் தொடர்பு ஒன்றும் உண்டு. இந்த மகாதேவ் கோளிகளைப் பற்றிய முதல் விரிவான கட்டுரையை எழுதியவர் கேப்டன் மாக்கின்டாஷ் என்ற கம்பெனி ராணுவ அதிகாரி. அது 1837-ல் சென்னையில் அச்சானது. 'மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயின்ஸ்' இதழில். சென்னை அன்று அப்படி ஓர் ஊர். மலை, உயரம், வரைபடம் என்று எதைத் தொட்டாலும் நூல் அங்கே போய் முடிகிறது. இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த மகா சர்வே 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகில்தான் ஆரம்பித்தது. வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயர் அங்கே சுமார் 12 கிலோமீட்டருக்கு ஒரு நேர்கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தார். ஒரு பக்கத்தின் நீளம் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் கோணம்தான். ஒரு மலையிலிருந்து இன்னொரு மலையைப் பார்த்துக்கொண்டே நாடு முழுக்கப் போகலாம். அரை டன் எடையுள்ள அவருடைய தியோடலைட் கருவி வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் மாட்டி, மொரீஷியஸ் போய், அங்கிருந்து மரியாதையாகத் திருப்பி அனுப்பப்பட்டு வந்தது.

தஞ்சாவூர்ப் பக்கம் போனதும் அவருக்குச் சிக்கல். காவிரிச் சமவெளியில் ஏறுவதற்கு மலை ஏது? கோயில் கோபுரங்களை மலையாக்கிக்கொண்டார். 1808-ல் பெரிய கோயிலில் கருவியைக் கயிறு கட்டி மேலே இழுத்தபோது கயிறு அறுந்து, சுவரில் மோதி நசுங்கிவிட்டது. மனுஷன் வாரக்கணக்கில் கூடாரத்துக்குள் உட்கார்ந்து தட்டித் தட்டித் தானே நிமிர்த்தினார். அந்த அளவீடு வடக்கே வளர்ந்து வளர்ந்து, அவர் காலத்துக்குப் பிறகு இமயமலையைத் தொட்டது. எவரெஸ்டின் உயரத்தைச் சொன்னதும் அந்தச் சர்வேதான். லாம்டன் 1823-ல் நாக்பூர் போகும் வழியில் இறந்தார். அவர் கல்லறை இருக்கும் ஹிங்கண்காட் வார்தா மாவட்டத்தில் இருக்கிறது. பரங்கிமலையில் வேலையை ஆரம்பித்து மகாராஷ்டிராவில் முடித்தவர். வந்தேறிகளின் முன்னோடி என்று வைத்துக்கொள்ளலாமா?

சரி, கோட்டுக்கு வருவோம். பாதி மலையில் பாறை மேல் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது பெண் காகாவிடம், இது எப்போதிலிருந்து மகாராஷ்டிராவின் உயரமான மலை என்று கேட்டாள். எப்போதுமேதான் என்றார் காகா. அங்கேதான் விஷயம் இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1936 வரை சிந்து மாகாணம் பம்பாயோடு இருந்தது. அங்குள்ள கீர்தர் மலைகள் கள்சுபாயைவிட உயரம். சிந்து பிரிந்ததும் கள்சுபாய்க்குப் பதவி வந்தது. 1950 ஜனவரியில் ராஜஸ்தானத்து அபு மலைப் பகுதியைப் பம்பாய் மாநிலத்தோடு சேர்த்தார்கள். அங்கே இருக்கும் குரு சிகரம் 1,722 மீட்டர். 76 மீட்டர் வித்தியாசத்தில் கள்சுபாய்க்குப் பதவி இறக்கம். ஆறு வருஷம் கழித்து, 1956 நவம்பர் 1 அன்று, மாநில மறுசீரமைப்பில் அபு ராஜஸ்தானுக்கே போனது. கள்சுபாய் மறுபடி முதலிடம், ஆனால் குஜராத்தும் சேர்ந்த இருமொழிப் பம்பாய் மாநிலத்தில். 1960 மே 1-ல்தான் மகாராஷ்டிரா என்ற மாநிலமே பிறக்கிறது.

அந்த மே 1 சும்மா வரவில்லை. 1955 நவம்பரிலும் 1956 ஜனவரியிலும் பம்பாய்த் தெருக்களில் துப்பாக்கிச் சூடு. போராட்டம் முழுவதுமாகச் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஃப்ளோரா ஃபவுண்டன் பக்கத்தில் ஹுதாத்மா சௌக் என்று இருக்கிறதே, அது அவர்களுக்குத்தான். காகாவின் அப்பா பரேல் மில்லில் வேலை பார்த்தவர், அந்த ஊர்வலங்களில் போனவர். அதைச் சொல்லும்போது காகா மராத்திக்கு மாறிவிடுவார். சொல்லிவிட்டு, "ஆனாலும் பெளகாவ் எங்களுக்கு வரலையே அண்ணா" என்றார் (தமிழன் என்றால் அண்ணாதான் அவருக்கு). அவர் மாமனார் வீடு பெளகாவ். 1956-ல் அது மைசூர்ப் பக்கம் போனது. 1966-ல் மகாஜன் கமிஷன், 2004-ல் உச்ச நீதிமன்றம் என்று அது இழுத்துக்கொண்டே போன கதையைச் சொல்ல அவருக்கு ஒரு ஏணி முழுக்க வேண்டியிருந்தது.

எனக்கு அது புரியும். நான் போடிநாயக்கனூர்க்காரன். எங்கள் ஊர்த் தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற மலை வேறு மாநிலம். தாத்தா ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போடிமெட்டு வழியாக ஏறிப் போனவர். அவருக்கு அது 'மேமலை', அவ்வளவுதான். திருவாங்கூர், மெட்ராஸ் என்பதெல்லாம் தாசில்தார் கவலை. பாசல் அலி தலைமையில் மாநில மறுசீரமைப்புக் குழு வந்தபோது, தமிழர்கள் அதிகம் இருந்த தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்கு வர வேண்டும் என்று கேட்டோம். நேசமணி தலைமையில் திருவாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. குழு 1955 செப்டம்பர் 30-ல் அறிக்கை கொடுத்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை இந்தப் பக்கம். தேவிகுளமும் பீர்மேடும் அந்தப் பக்கம். தோட்டத் தொழிலாளிகள் பிழைக்க வந்தவர்கள், நிலையாகக் குடியிருப்பவர்கள் இல்லை என்ற பேச்சும் அப்போது பலமாக இருந்தது. தலைமுறையாகத் தேயிலை பறித்தாலும் வந்தவர் வந்தவர்தான்!

தேவிகுளம் தாலுகாவில்தான் ஆனைமுடி இருக்கிறது. 2,695 மீட்டர், மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே உயரம். நம் தொட்டபெட்டா 2,637. வித்தியாசம் 58 மீட்டர், ஒரு இருபது மாடிக் கட்டடம். பக்கத்து மீசப்புலிமலைகூட 2,640 என்று மூன்று மீட்டரில் நம்மை முந்திவிடுகிறது. அந்தத் தாலுகா வந்திருந்தால் நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் ஆனைமுடி என்று படித்திருப்பார்கள். கேரளத்துப் பிள்ளைகள் வேறு பெயரை மனப்பாடம் செய்திருப்பார்கள். ஆனைமுடிக்கு அதனால் ஒன்றும் ஆகியிருக்காது. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடிகாலை ஜீப்பில் அடைத்துக்கொண்டு தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஆகியிருக்கும். ரேஷன் கார்டு எந்த ஊர், பிள்ளை படிக்கும் மொழி எது என்கிற விஷயங்கள் அவை. 58 மீட்டரைப் பற்றி எனக்கு வருத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. அந்த ஜீப்பைப் பற்றி உண்டு.

இதைக் காகாவிடம் எனக்குத் தெரிந்த மராத்தியில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் ஏறினார். அப்புறம், "அப்படின்னா உங்களுக்கும் ஒரு பெளகாவ் இருக்கு" என்றார். பெளகாவைக் கொடுத்துத் தேவிகுளத்தைப் புரியவைத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கடைசி ஏணிக்கு முன்னால் ஒரு மாவ்ஷி பிட்லா பாக்ரியும் எலுமிச்சை சர்பத்தும் விற்றுக்கொண்டிருந்தார். அடிவாரத்திலிருந்து தினம் சுமந்து ஏறுகிறார். நாங்கள் ஏணி ஏணியாக நின்று வந்த இடத்துக்கு அவர் தலையில் குடத்தோடு வருகிறார். எந்த ஊர் என்று கேட்டார். எங்கள் பெண் யோசிக்காமல் "டோம்பிவ்லி" என்றாள். தங்கமணி என்னைப் பார்த்தாள். 1960-களின் கடைசியில் மாட்டுங்காவில் தமிழ்ப் போர்டு வைத்த கடையில் வேலை பார்த்த என் பெரியப்பா, அந்தக் கலாட்டா நாட்களில் வெளியே வந்தால் வேட்டியை மாற்றிவிட்டுத்தான் வருவாராம். ஊர் எது என்று கேட்டால் வாயைத் திறக்கவே மாட்டாராம். இவள் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். மாவ்ஷி அதோடு விடவில்லை. "டோம்பிவ்லி சரி, சொந்த ஊர்?" போடி என்றேன். அது எங்கே? இதே மலைத்தொடரில் தெற்கே, கடைசிப் பக்கம் என்றேன். "அப்ப இதே மலைதான்" என்று சொல்லி இன்னொரு பாக்ரி வைத்தார். அதற்குக் காசு வாங்கிக்கொண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உச்சியிலிருந்து தெற்கே பார்த்தால் பண்டாரதரா நீர்த்தேக்கம் பளபளவென்று கிடக்கிறது. பிரவரா நதியில் 1910-ல் ஆரம்பித்து 1926-ல் முடித்த வில்சன் அணை. அந்தத் தண்ணீர் கீழே போய்க் கரும்பாகி, 1950-ல் லோணியில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையாகி, அதிலிருந்து பெரிய பெரிய அரசியல்வாதிகளும் ஆனார்கள். நான் போன அன்று மாவ்ஷி மலைக்குக் குடத்தில்தான் தண்ணீர் சுமந்து வந்திருந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: செப்டம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மழையில் ஏணிகள் வழுக்கும், பச்சை மட்டும் கண்கொள்ளாது. நவராத்திரியிலும் சனி ஞாயிறு இரவுகளிலும் கூட்டம் தாங்காது. முடிந்தால் வாரநாளில் லீவு போட்டுப் போங்கள். ஏற மூன்று மணி நேரம், இறங்க இரண்டரை. இது 1986-லிருந்து வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருக்கும் மலை, பிளாஸ்டிக்கைத் திருப்பி எடுத்து வாருங்கள். முழங்கால் வலிக்காரர்கள் ஒரு குச்சி வைத்துக்கொள்ளவும். சில்லறையாக எடுத்துப் போகவும், மாவ்ஷியிடம் ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை கிடையாது. திரும்பும்போது கசாராவில் லோக்கல் கிளம்பும் இடம் என்பதால் நான்கு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. டோம்பிவ்லியில் இறங்குவதுதான் கஷ்டம்.